மணி அடிச்சா நெட் விழுது: ரவுட்டரா, லைனா?

வணக்கம். கொக்குவிலில எங்கட சின்னக் கந்தோர். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். போன் லைனிலயே நெட் தாற பழைய ஏடிஎஸ்எல் 2+ ரவுட்டர், நாலு லான் போர்ட். மூண்டு கிழமையா, ஆராவது கோல் எடுத்தா முதல் மணியோடயே டிஎஸ்எல் லைட் மினுங்கத் தொடங்கும். திரும்ப வர ரெண்டு நிமிசம். மழையெண்டா போனிலயும் கரகரப்பு.

போனையும் நெட்டையும் பிரிக்கிற ஸ்பிளிட்டர் ரெண்டு தரம் மாத்தியாச்சு. ரீசெட் பண்ணி பிபிபிஓஇ, 8/35 எண்ட கனெக்சன் செட்டிங் எல்லாம் திருப்பிப் போட்டன். உள் வயரை விட்டிட்டு வெளிப்பெட்டியில நேரா கொழுவியும் பாத்தன், அதே கூத்துத்தான். ரவுட்டருக்க போய்ப் பாத்தா எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமிருக்கிற இடைவெளி) 5 டெசிபல். மணி அடிக்கேக்க 1. கடைக்காரப் பெடியன் புதுசு வாங்கச் சொல்லுறான். விக்கிறவன் வேறென்ன சொல்லுவான்!

பழுது ரவுட்டரிலயா, வெளி லைனிலயா எண்டு, இன்னொரு ரவுட்டர் இரவல் வாங்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கோ?