பேஸ்பால் பட்டப்பெயரால மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

நியூஜெர்சிக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். ஆபீஸ்ல மைக் டிரவுட்ங்கிற பேஸ்பால் ஆட்டக்காரரைப் பத்திப் பேச்சு. நமக்கும் தெரியும்னு காட்டிக்கணுமே! "ஓ, மில்வில் மீட்டியர்தானே?"ன்னேன். மில்வில் அவர் ஊரு, மீட்டியர்னா எரிகல். எதிர்ல இருந்தவர் சாண்ட்விச்சைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சார். 2012ல யாரோ குறும்புக்கு விக்கிபீடியாவுல எழுதிவெச்ச பேராம் அது. பேப்பர்லயும் நிஜம்னு நம்பிப் போட்டுட்டாங்களாம். நம்பத்தானே தோணும்? அந்தக் காலத்து ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் காமர்ஸ்ங்கிற ஊர்க்காரர், அவரை 'காமர்ஸ் காமெட்'னு, அதாவது காமர்ஸ் வால்நட்சத்திரம்னு எழுதினவங்கதானே இந்தப் பேப்பர்காரங்க. இன்னிக்கும் லிஃப்ட்ல பார்த்தா "ஹலோ மீட்டியர்"ங்கிறார் அந்த மனுஷன்.

பாஸ்டன் அப்பா:
எங்க ஊரு பேஸ்பால் மைதானம் ஃபென்வே பார்க்ல பச்சை சீட்டுகளுக்கு நடுவுல ஒரே ஒரு சிவப்பு சீட்டு இருக்குமே, 1946ல டெட் வில்லியம்ஸ்ங்கிற ஆட்டக்காரர் ஹோம் ரன் அடிச்ச பந்து 502 அடி பறந்து விழுந்த இடம். கைடு மூச்சு விடாம "ஸ்ப்ளெண்டிட் ஸ்ப்ளின்டர், தம்பர், டெடி பால்கேம், த கிட்"னு அவரோட பட்டப்பெயரையெல்லாம் அடுக்கினார். என் பொண்ணு சட்டையை இழுத்து, "அப்பா, இந்த நாலு பேர்ல யார் அடிச்சா?"ன்னா. அங்க உட்கார்ந்திருந்தவரோட வைக்கோல் தொப்பியைப் பந்து ஓட்டை போட்டுருச்சாம். அதை நான் வீட்டுக்கு வந்து படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பழைய ரசிகன்:
பட்டப்பெயருக்கு எல்லாப் பழியையும் பேப்பர்ல எழுதுறவன் தலையில போடாதீங்க. செயின்ட் லூயிஸ் அணி ஆளு ஸ்டான் மியூசியல் புரூக்ளின்ல வந்து வெளுத்ததுல, எதிரணி ரசிகர்களே "வந்துட்டான்யா அந்த மனுஷன்"னு புலம்பினாங்க. நிருபர் காதுல அது விழுந்துச்சு, 'ஸ்டான் த மேன்' ஆயிருச்சு. என் கதை ஒண்ணும் பெருசில்ல, பேப் ரூத்தும் 'சுல்தான் ஆஃப் ஸ்வாட்'டும் வேற வேற ஆளுன்னு ரெண்டு வருஷம் நெனச்சிட்டிருந்தேன். அதனால சொல்றேன், கட்டுரையை விட்டுட்டு பாக்ஸ் ஸ்கோர், அதான் மேட்ச் கணக்கு அட்டவணை, அதைப் படிங்க. ஹெச்னா ஹிட், ஆர்பிஐன்னா அவர் அடிச்சதால வந்த ரன். வாக் போனா, அதாவது நாலு மோசமான பந்து வந்து அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனா, அது ஏபி, அதான் அடிக்க நின்ன கணக்குல வராது. பசங்க கையில பென்சிலைக் குடுத்து ஸ்கோர் எழுதப் பழக்குங்க. ஆளு நிக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. மூணாவது பேஸ் 5, ரெண்டாவது மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப் 6, இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. ஆரம்பத்துல ஒரு நாளைக்கு ஒரு மேட்ச் போதும்.

நியூஜெர்சிக்காரன்:
அண்ணே, கதை கேட்டா டியூஷன் எடுக்கிறீங்களே!

டெட்ராய்ட் மருமக:
மாமாவுக்கு ஏ.எல்.எஸ்., அதான் தசையெல்லாம் மெல்லச் செயலிழக்கிற நரம்பு நோய்னு சொன்னப்ப டாக்டர் "லூ கெரிக் நோய்"னும் சொன்னார். ராத்திரியெல்லாம் அந்த நோய் வந்த கெரிக்ங்கிற பேஸ்பால் ஆட்டக்காரரைப் பத்தித் தேடினேன். எதைத் திறந்தாலும் 'அயர்ன் ஹார்ஸ்', விடாம 2,130 ஆட்டம். இரும்புக் குதிரையை வெச்சு நான் என்ன பண்ண? 1939 மே மாசம், இதே டெட்ராய்ட்ல, அவராவே மேனேஜர்கிட்ட போய், இன்னிக்கு நான் ஆடலைன்னு சொல்லியிருக்கார். வயசு 35. அது எட்டாவது பத்தியில கிடந்துச்சு. மாமாவும் அப்படித்தான், ஒருநாள் சாவியை என் கையில வெச்சு, "இனிமே நீயே ஓட்டும்மா"ன்னார்.

பழைய ரசிகன்:
கெரிக் ஆடலைன்னு சொன்ன அந்த ஸ்டேடியத்தை 2009ல இடிச்சுட்டாங்கம்மா. மிச்சிகன் ரோடும் டிரம்புல் ரோடும் சந்திக்கிற முனை. அதே இடத்துல இப்ப பசங்க ஆடுறாங்க. மாமாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா வெயில் ஏறுறதுக்குள்ள போங்க.