வேன் கூரையில் சோலார்: வெட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்

வழித்துணை:

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, தங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். மரவேலை முழுக்க நான்தான். படுக்கை, அலமாரி, சின்ன அடுப்படி எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மின்சாரத்தில் வந்து நிற்கிறேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை இருக்கிறது. இரவு முழுக்க, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற சீபேப் இயந்திரம் ஓடியாக வேண்டும். விடியற்காலை 3 மணிக்கு பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற யோசனையிலேயே எனக்குப் பாதி ராத்திரி போய்விடுகிறது.

என் கணக்கு இது. சீபேப் அடாப்டரில் 90 வாட் என்று எழுதியிருக்கிறது, 8 மணி நேரத்துக்கு 720 வாட்-மணி. 12 வோல்ட் குளிர்பெட்டியில் 60 வாட் என்று இருக்கிறது, 24 மணி நேரத்துக்கு 1440. லேப்டாப், செல்போனுக்கு 150. கூரை விசிறிக்கு 80, விளக்குகளுக்கு 60, தண்ணீர் பம்புக்கு 10. மொத்தம் ஒரு நாளைக்கு 2460. இதை ஈடுகட்ட 800 வாட்டுக்கு மேல் பேனல் வேண்டும் என்று வருகிறது.

கூரையில் தட்டையான பகுதி 320 செ.மீ. நீளம், 140 செ.மீ. அகலம். நான் பார்த்து வைத்திருக்கும் 200 வாட் பேனல் 148-க்கு 67 செ.மீ. நான்கு வைத்தால் நீளத்தில் மிஞ்சுவது 24 செ.மீ.தான். விசிறிக்கு மட்டுமே 40 செ.மீ. சதுரம் வேண்டும். விசிறியை விட்டுவிடவா? இல்லை, ஒட்டுகிற மெல்லிய வளையும் பேனல்களுக்குப் போகலாமா? பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கும் தொடர் இணைப்பா, இணையாகச் சேர்க்கும் பக்க இணைப்பா? போல்ட்டா, பசையா? கூரையில் இன்னும் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

செம்புக்கம்பி:

அக்கா, ஓட்டை போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் விசிறியை நடுக்கூரையில் வெட்டிவிட்டுத்தான் பேனல் எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. அடாப்டரில் இருக்கும் 90 வாட் அதனால் அதிகபட்சம் தர முடிந்த அளவு. இயந்திரம் எந்நேரமும் அவ்வளவு இழுக்காது. அதில் நிறைய இழுப்பது காற்றை ஈரமாக்குகிற சூடேற்றிதான். குளிர்பெட்டியின் கம்ப்ரஸரும் 24 மணி நேரமும் ஓடுவதில்லை, ஓடி ஓடி நிற்கும். ஆகவே, ஒரு டிசி வாட் மீட்டரை இடையில் மாட்டி, இரண்டையும் தனித்தனியாக ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த எண் கையில் வரும்வரை எத்தனை பேனல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அப்புறம், சீபேப்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, மறுபடி அடாப்டரில் 24 ஆகக் குறைப்பது வீண் இழப்பு. நேரடி டிசி அடாப்டர் கிடைக்கும்.

இப்போது நிழல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது. என் வண்டியில் விசிறி நடுவில், அதைச் சுற்றி நான்கு 100 வாட் பேனல். மத்தியானம் எல்லாம் அருமையாக இருக்கும். 3 மணி தாண்டினால் எண் விழ ஆரம்பிக்கும். மேகமோ என்று நிமிர்ந்து பார்த்தால் வானம் துடைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் ஏணி போட்டு ஏறினேன். விசிறியின் மூடி திறந்திருந்தது, அதன் நிழல் ஒரு பேனலின் மூலையில் நாலு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. அவ்வளவுதான். எழுந்துபோய் மூடியைச் சாத்தினேன், செல்போனில் வாட் கணக்கு உடனே ஏறியது. திறந்தேன், இறங்கியது. பத்துத் தடவையாவது திறந்து மூடிப் பார்த்திருப்பேன்.

காரணம் இது. 12 வோல்ட் பேட்டரிக்கென்று செய்த பேனலுக்குள் (அது ஓடுவது ஏறக்குறைய 18 வோல்ட்டில்) பெரும்பாலும் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு செல் முழுக்க நிழலில் மாட்டினால் அந்த வரிசையின் மின்னோட்டமே அதோடு சுருங்கிவிடும். அதைச் சமாளிக்க பைபாஸ் டையோடுகள் வைத்திருப்பார்கள், பொதுவாக ஒரு டையோடுக்கு 18 செல். நிழல் பட்ட பாதியை டையோடு சுற்றிப்போய்விடும். ஆக, நாலு விரல் நிழல் பேனலின் பாதியைத் தின்றுவிடுகிறது. பக்க இணைப்பில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மற்ற பேனல்கள் 18 வோல்ட்டில் ஓடும்போது 9 வோல்ட் தருகிற பேனலால் அவற்றோடு சேர்ந்து உழைக்க முடியாது. தொடர் இணைப்பு என்றால் மிச்சப் பாதியாவது கணக்கில் சேரும்.

அதனால் என் யோசனை: விசிறியைக் கூரையின் கடைசிக்குத் தள்ளுங்கள், அளந்த பிறகு இரண்டு பேனலே போதும் என்று வந்தால் அவற்றை முன்பக்கம் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். 67-ம் 67-ம் 134, உங்கள் 140-க்குள் அடங்கிவிடும். மூடி 25 செ.மீ. உயரம் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், சூரியன் 30 பாகையில் இருக்கும்போது நிழல் 43 செ.மீ. நீளும், 20 பாகைக்கு இறங்கும்போது 69 செ.மீ. அந்த இடைவெளியைக் காலியாக விட மனசு வராது, ஆனால் விடுங்கள்.

இரண்டு பேனலையும் தொடர் இணைப்பில் கொடுத்து, எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) போடுங்கள். வயரிலும் லாபம் உண்டு. 4 சதுர மி.மீ. செம்பு வயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று கணக்குப் போட்டேன். பக்க இணைப்பில் 20 ஆம்பியர் போகும், 18 வோல்ட்டில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும், கிட்டத்தட்ட 5 சதவீதம். தொடர் இணைப்பில் 10 ஆம்பியர், 36 வோல்ட்டில் 0.45 வோல்ட்கூடக் குறையாது. அதே வயர்தான்.

மழைக்காலம்:

தொடர் இணைப்பில் வோல்ட் கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ், அதாவது எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போது உள்ள வோல்ட், 22.5 என்றால் இரண்டுக்கு 45. குளிரில் இது இன்னும் ஏறும். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் சுமார் 0.3 சதவீதம் என்று வைத்தால், மைனஸ் 10 டிகிரி காலையில் 50 வோல்ட் ஆகிவிடும். 50 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் அன்றைக்கே போய்விடலாம். 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

ஒட்டுகிற வளையும் பேனல் வேண்டவே வேண்டாம் என்பேன். நான் போட்டேன். எடை குறைவு, காற்றில் சத்தம் இல்லை, பார்க்கவும் அழகு. ஆனால் அடியில் காற்றுப் போக வழியில்லை. பேனலில் போட்டிருக்கும் வாட் எல்லாம் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் காணாமல் போகும். கூரையோடு ஒட்டியிருந்தால் சூடு அதற்கும் மேலே ஏறும். இரண்டாவது கோடையில் என் பேனலின் மேல்பூச்சு மங்கி, ஓரங்களில் குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. உரித்து எடுக்கும்போது கூரையின் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. சட்டம் வைத்த கண்ணாடிப் பேனலை 3 அல்லது 4 செ.மீ. உயர்த்தி வையுங்கள்.

போல்ட்டா, பசையா என்றால் எனக்குப் பசைதான், ஆனால் முறையாக. ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 48 கிலோ எடைக்குச் சமம். உங்கள் பேனல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே சிலிக்கான் கூடாது, பாலியூரித்தேன் பசை வேண்டும். கூரையைச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, பசைக்காரர்கள் சொல்லும் பிரைமரை அடித்துவிட்டு ஒட்டுங்கள். அழுத்திப் பிதுக்கிவிடாமல் 3 மி.மீ. கனம் நிற்க வேண்டும், அந்த ரப்பர் கனம்தான் அதிர்வைத் தாங்குகிறது. முழுசாக இறுகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வயர் இறங்குகிற இடத்தில் ஒரு ஓட்டை எப்படியும் வரும். அதன் ஓரத்தை அரத்தால் மழித்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே மூடுங்கள். நான் அதை அவசரத்தில் விட்டுவிட்டேன், ஆறே மாதத்தில் உள்கூரைப் பலகையில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம் வந்தது.

வழித்துணை:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே அளந்துவிட்டேன்.

குளிர்பெட்டி ஒரு முழு நாளுக்கு 430 வாட்-மணி. 1440 என்று நான் பயந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! சீபேப் சூடேற்றியோடு ஒரு இரவுக்கு 560, சூடேற்றி இல்லாமல் 270. சூடேற்றி இல்லாமல் தூங்கலாமா என்று அவருடைய மருத்துவரிடமே கேட்டோம், தொண்டை வறளாத வரை சரி என்றார். மூன்று இரவு பார்த்தோம், நன்றாகத்தான் தூங்கினார். ஆக ஒரு நாளுக்கு மொத்தம் 1000.

அப்புறம் பழைய அட்டைப்பெட்டிகளை 148-க்கு 67 அளவில் வெட்டி, கூரைமேல் டேப் போட்டு ஒட்டினேன். பின்கோடியில் விசிறிக்குப் பதிலாக 25 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி. வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே சூரியன் பக்கம் திருப்பி நிறுத்தி, மாலை வரை மணிக்கொரு தடவை ஏறிப் பார்த்து, நிழலின் நுனியைச் சாக்கட்டியால் குறித்தேன். பெட்டிக்கும் அட்டைக்கும் நடுவில் 112 செ.மீ. இருக்கிறது. நாலரை மணி நிழல் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அட்டையைத் தொடவில்லை. விசிறி இப்போது சரியாக எங்கள் தலைமாட்டுக்கு மேலே வருகிறது, அவருக்கு அதில்தான் மிகுந்த சந்தோஷம்.

இரண்டு பேனல், 400 வாட் போதுமா? பேட்டரி எவ்வளவு?

செம்புக்கம்பி:

அந்தச் சாக்கட்டிக் கோடுகளை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

நல்ல வெயில் காலத்தில், முழு வெயிலுக்குச் சமமான நேரம் ஒரு நாளைக்கு 4 மணி என்று வைத்தால், 400 பெருக்கல் 4, அதில் சூடு, தூசி, படுத்த நிலை எல்லாம் போக 70 சதவீதம். 1120 வருகிறது, உங்கள் 1000-க்குப் போதும். சூரியன் தாழ்ந்து போகிற குளிர்காலத்தில் அந்த 4 மணி 1.5 ஆகக் குறைந்தால் கிடைப்பது 420-தான். அதற்காக இன்னும் பேனல் அடுக்க வேண்டாம், ஓடும்போது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 700-க்கு மேல் ஏறும். ஆல்டர்னேட்டரை லித்தியம் பேட்டரியோடு நேராக இணைத்துவிட வேண்டாம், பேட்டரி இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம்.

பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் 200 ஆம்பியர்-மணி. 12.8 வோல்ட்டில் அது 2560 வாட்-மணி. வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, வண்டிக்கு உள்ளே வையுங்கள். இந்த வகை பேட்டரியின் வோல்ட்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, அதைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஷன்ட் வைத்த மீட்டர் (பேட்டரிக்குள் போகிற, வருகிற மின்னோட்டத்தை எண்ணுவது) மாட்டி, 40 சதவீதத்தில் குளிர்பெட்டியின் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும்படி ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொடுங்கள். சீபேப்புக்குத் தனி வயர், தனி ஃப்யூஸ். அந்த 40 சதவீதம் 1024 வாட்-மணி, வேறு எதுவும் ஓடாவிட்டால் அவருக்கு மூன்று இரவு முழுசாக. 3 மணிக்கு நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை.

கன்ட்ரோலர் 30 ஆம்பியர், 100 வோல்ட். அதிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. வயர், ஒரு மீட்டருக்குள். 40 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். இணைக்கும் நாளில் பேனல்மேல் போர்வை போட்டு மூடிவிட்டு, கன்ட்ரோலரில் பேட்டரி வயரை முதலில் மாட்டுங்கள், பேனல் வயரைக் கடைசியில். கழற்றும்போது பேனல்தான் முதலில்.