தண்டர்பேர்டில் கடை மெயில்: பாப் வைப்பதா, ஐமேப் வைப்பதா?

காலண்டர்கடை:
வணக்கம். சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறோம். கடைக்குச் சொந்த டொமைன் உண்டு, அதில் ஒரு மெயில் முகவரி. இதுவரை பிரவுசரில்தான் பார்த்தோம். இப்போது கடை கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டு போட்டிருக்கிறேன். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்ததும் ஐமேப், பாப்3 என்று இரண்டைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது. மெயில் சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர் கொடுத்திருப்பது 2 ஜிபி இடம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரை ஆர்டர் வரும். ஒவ்வொன்றுக்கும் லோகோ, சாமி படம், டிசைன் பிடிஎஃப் என்று 15, 20 எம்பி ஃபைல்கள். அதே மெயிலைத் தம்பி போனில் பார்க்கிறான். ஜிமெயில் கணக்கு ஒன்றையும் இதில் சேர்க்க வேண்டும். எதை வைப்பது, சொல்லுங்கள்.

கரிசல்காடு:
பாப்3 வையுங்கள் அண்ணாச்சி. 2 ஜிபி என்று சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. மெயிலோடு வரும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்பி டிசைன் பெட்டியில் 27 எம்பி பிடிக்கும். அப்படி 75 மடல் வந்தால் பெட்டி நிறைந்துவிடும். அதற்கப்புறம் வாடிக்கையாளர் அனுப்புவது அவருக்கே திரும்பிப் போகும், ஐப்பசி கார்த்திகையில் அது நடந்தால் ஆர்டரே போய்விடும். பாப் வைத்தால் மடல் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கி, சர்வர் காலியாகிக்கொண்டே இருக்கும். ஹோஸ்டிங் என்பது வாடகை இடம். கடையின் கடிதங்கள் சொந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தபால்பெட்டி:
ஹோஸ்டிங் உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கடைக்கு ஐமேப்தான் சரி. அதில் மடல் சர்வரிலேயே இருக்கும், கம்ப்யூட்டரும் போனும் அதையே காட்டும். இடக் கணக்கில் கரிசல்காடு சார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தம்பியை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. கம்ப்யூட்டர் மடலை இறக்கி சர்வரைக் காலி செய்துவிட்டால், வெளியே பார்ட்டியைப் பார்க்கப் போன தம்பியின் போனில் என்ன இருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. பாப் வழியாக இன்பாக்ஸ் ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும். சர்வரில் உள்ள ஸ்பேம் ஃபோல்டரை அது பார்ப்பதே இல்லை. முதல்முறை எழுதும் புது வாடிக்கையாளரின் மடல், அதுவும் பெரிய அட்டாச்மென்டோடு வந்தால், ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம். தண்டர்பேர்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆர்டர் வந்ததே தெரியாது. எங்களிடம் "மெயில் வரவில்லை" என்று வரும் புகார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அனுப்பிய மடலும் அப்படித்தான். பாப் வைத்தால் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியது கம்ப்யூட்டரிலேயே, போனிலிருந்து அனுப்பியது போனிலேயே நின்றுவிடும். "புரூஃப் அனுப்பிவிட்டீர்களா" என்று பார்ட்டி கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான். 1984-இல் பாப் வந்தபோது ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிது. அந்தக் காலத்து ஏற்பாடு அது.

கரிசல்காடு:
பழசு என்று தள்ளுவது வாதம் ஆகாது சார். ஐமேப்பை மார்க் கிரிஸ்பின் உருவாக்கியது 1986-இல். இரண்டுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

தம்பி விஷயத்துக்கு வழி இருக்கிறது. தண்டர்பேர்டில் கணக்கின் சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தில் "லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்" என்ற பெட்டி உண்டு. அதில் டிக் செய்து, கீழே இத்தனை நாள் என்று 14 போட்டால் போதும். மடல் கம்ப்யூட்டருக்கும் வரும், இரண்டு வாரம் சர்வரிலும் இருக்கும். தம்பி போனில் அதற்குள் பார்த்துவிட மாட்டாரா?

அனுப்பிய மடல் சர்வரில் சேர்வதைப் பெரிய வசதியாகச் சொல்கிறீர்கள். இந்தக் கடைக்கு அதுவே சுமை. வந்த டிசைன் 27 எம்பி, திருத்தி அனுப்பிய புரூஃப் இன்னொரு 27 எம்பி. ஐமேப்பில் இரண்டும் அதே 2 ஜிபியைத்தான் தின்னும். நீக்கிய மடலும் குப்பை ஃபோல்டரைக் காலி செய்யும் வரை அங்கேதான் கிடக்கும்.

ஐமேப்பின் பெரிய ஆபத்தை நீங்கள் சொல்லவே இல்லை. தம்பி போனில் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் கடை கம்ப்யூட்டரிலும் அது அழிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் ஹோஸ்டிங்காரர் சர்வரை மாற்றினார். பழைய மடல்களைப் புது சர்வருக்கு ஏற்றவில்லை. மறுநாள் காலை தண்டர்பேர்டைத் திறந்ததும் அது புதுப் பெட்டியைப் பார்த்தது, காலியாக இருந்தது, தன்னிடம் இருந்ததையும் துடைத்துவிட்டது. வருடக்கணக்கான மடல் ஒரு காலையில் போனது. பாப் வைத்திருந்தால் ஒரு மடல்கூடப் போயிருக்காது.

தபால்பெட்டி:
அந்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கதை நடக்கக் கூடியதுதான். ஐமேப்பில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சர்வர் ஒரு அடையாள எண் தரும். அது மாறினால், கையில் உள்ள நகல் செல்லாது என்று வைத்துப் புதிதாக எடு என்பது விதி. தண்டர்பேர்டு விதிப்படிதான் நடந்தது. சர்வரை மாற்றியவர் மடலை ஏற்றாமல் விட்டது தவறு.

பாப்பிலும் மடல் தொலையும் சார். தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா மடலையும் ஒரே ஃபைலில்தான் வழக்கமாக அடுக்கி வைக்கிறது. இன்பாக்ஸ் என்ற பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரே பெரிய ஃபைல். அதில் ஒரு மடலில் வைரஸ் இருப்பதாக ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டால், மொத்த ஃபைலையும் தூக்கித் தனிமைச் சிறையில் போட்டுவிடலாம். பாப் கணக்கில் வேறு நகல் எங்கே? ஐமேப்பாக இருந்தால் சர்வரிலிருந்து மறுபடி இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் போனாலும் இதே கதைதான்.

14 நாள் ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. எதை இறக்கியாயிற்று என்ற பட்டியலைத் தண்டர்பேர்டு தன்னிடம் வைத்திருக்கும். அந்தப் பட்டியல் கெட்டாலோ, சர்வர் மாறி மடல்களின் அடையாளம் மாறினாலோ, இருக்கும் மடல் எல்லாம் இரண்டாம் முறை இறங்கும். அப்புறம் ஒவ்வொரு ஆர்டரும் இரண்டிரண்டாக நிற்கும். அச்சகத்தில் அது எவ்வளவு குழப்பம் என்று காலண்டர்கடை அண்ணாச்சிக்கே தெரியும்.

விருதைவாசி:
இவ்வளவு யோசனை எதற்கு? விண்டோஸோடு வரும் புது அவுட்லுக்கில் போட்டால் வேலை முடிந்தது.

கரிசல்காடு:
அது வேண்டாம் நண்பரே. விண்டோஸுக்கான புது அவுட்லுக்கில் வேறு நிறுவனத்து ஐமேப் கணக்கைச் சேர்த்தால், மடல்கள் மைக்ரோசாஃப்ட் கிளவுட் வழியாக ஒத்திசைக்கப்படும். சேர்க்கும்போதே அதற்குச் சம்மதம் கேட்கும், பெரும்பாலோர் படிக்காமல் அழுத்திவிடுவார்கள். கடை மெயில் மூன்றாவது ஓர் இடத்திலும் போய் உட்காருவது எதற்கு?

தபால்பெட்டி:
இதில் கரிசல்காடு சாரோடு எனக்கு வேறுபாடு இல்லை. தண்டர்பேர்டு கம்ப்யூட்டரிலிருந்து நேராக உங்கள் சர்வரோடு பேசும், நடுவில் யாரும் இல்லை.

பேரேடு:
ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். இரண்டு பேரும் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில்லும் பர்ச்சேஸ் ஆர்டரும் மெயிலில் வரும் கடைக்கு அந்த மெயில் வெறும் கடிதம் இல்லை, ஆவணம். பாப் என்றால் ஒரே நகல், ஒரே டிஸ்க்கில். ஐமேப் என்றால் இரண்டு இடத்தில் இருந்தாலும் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். இரண்டையும் பேக்கப் என்று சொல்ல முடியாது. தனியாக ஒரு நகல் எடுத்து வைக்காத வரை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் 72 மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை.

காலண்டர்கடை:
இவ்வளவு பேர் அக்கறையாக எழுதியதற்கு நன்றி. போன் இருப்பதால் ஐமேப் பக்கம் மனது போகிறது, 2 ஜிபியை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. முதலில் ஐமேப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் அப்புறம் பாப்புக்கு மாற்றிக்கொள்ளலாமா? இன்னொன்று, நேற்று முயன்றபோது சர்டிஃபிகேட் பெயர் பொருந்தவில்லை, விதிவிலக்கு சேர்க்கவா என்று ஒரு ஜன்னல் வந்தது. கொடுக்கலாமா?

தபால்பெட்டி:
கொடுக்காதீர்கள். சர்வர் பெயராக "மெயில்" புள்ளி உங்கள் டொமைன் என்று போட்டிருப்பீர்கள். சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றுதான் சர்டிஃபிகேட், ஹோஸ்டிங்காரருடையது அவருடைய சர்வர் பெயருக்கு இருக்கும். அவர் அனுப்பிய முதல் மடலிலோ கன்ட்ரோல் பேனலிலோ பாதுகாப்பான இணைப்புக்கான சர்வர் பெயர் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும், அதைப் போட்டால் அந்த எச்சரிக்கை வராது. வரும் மடலுக்குப் போர்ட் 993, அனுப்ப 465, இரண்டுக்கும் பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பயனர் பெயரில் முழு மெயில் முகவரியையும் போட வேண்டும். @ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போட்டுவிட்டு "பாஸ்வேர்ட் தவறு என்கிறது" என்று எங்களைக் கூப்பிடுபவர்கள் ஏராளம்.

சேர்த்த கணக்கின் வகையைத் தண்டர்பேர்டில் பிறகு மாற்ற முடியாது. பாப் வேண்டுமென்றால் அதே முகவரியை இன்னொரு கணக்காகச் சேர்க்க வேண்டியதுதான். அதனால் இப்போதே முடிவு செய்வது நல்லது.

ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டாம். வெறும் பாஸ்வேர்டில் உள்ளே விடுவதைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அங்கீகார முறையில் ஓஆத்2 என்று இருந்தால் கூகுளின் உள்நுழைவு ஜன்னல் தானாகத் திறக்கும், அங்கே அனுமதி கொடுத்தால் போதும். சேர்த்ததும் ஜிமெயிலின் "ஆல் மெயில்" ஃபோல்டரைச் சப்ஸ்கிரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்பாக்ஸில் உள்ள அதே மடல்கள் டிஸ்க்கில் இன்னொரு முறை இறங்கும்.

கரிசல்காடு:
நிறுவும் முறை எல்லாம் சரி. 2 ஜிபிக்கு இன்னும் பதில் வரவில்லையே?

தபால்பெட்டி:
ஐமேப்பிலேயே இருக்கிறது சார். இடப்பக்கம் கணக்குகளுக்குக் கீழே "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்று ஒன்று நிற்கும். அது எந்த சர்வரோடும் சேராதது. அதில் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு ஃபோல்டர். அச்சடித்து டெலிவரி முடிந்த ஆர்டர்களை மாதக் கடைசியில் அங்கே நகலெடுக்க வேண்டும். மூவ் கொடுக்காமல் முதலில் காப்பி கொடுங்கள். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த நகலில் இரண்டு மூன்று மடலைத் திறந்து பிடிஎஃப் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் சர்வரில் உள்ளதை அழித்து, குப்பையையும் காலி செய்யுங்கள். புரூஃப் சுமைக்கும் வழி உண்டு. "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" பக்கத்தில் அனுப்பிய மடல் எங்கே சேர வேண்டும் என்பதை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு மாற்றலாம். தம்பிக்கு அது தெரியாமல் போகும் என்பதால் நான் மாற்ற மாட்டேன், சீசன் உச்சத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கரிசல்காடு:
கடைசியில் மடலைக் கம்ப்யூட்டருக்குத்தானே இறக்கச் சொல்கிறீர்கள். பாப் தானாகச் செய்வதை மாதாமாதம் கையால் செய்யச் சொல்வதுதான் இது. சீசன் நேரத்தில் எந்தக் கடைக்காரர் மாதக் கடைசியில் உட்கார்ந்து காப்பி எடுப்பார்? ஒரு மாதம் விட்டால் பெட்டி நிறையும். எனக்கு இன்னும் பாப்தான் சரியாகப் படுகிறது.

தபால்பெட்டி:
எந்த மடல் முடிந்த வேலை, எது நடந்துகொண்டிருக்கும் வேலை என்று பாப்புக்குத் தெரியாது சார். 14-ஆம் நாளில் எல்லாவற்றையும் அழிக்கும். வேலை முடியாத ஆர்டரின் டிசைன் தம்பியின் போனிலிருந்து போய்விடும். கையால் செய்வதில் அந்த முடிவு கடைக்காரரிடம் இருக்கிறது. பெட்டி நிறைகிறதா என்பதைக் கன்ட்ரோல் பேனலில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

காலண்டர்கடை:
ஐமேப் போட்டுவிட்டேன். சர்வர் பெயரை மாற்றியதும் அந்த எச்சரிக்கை வரவில்லை. கரிசல்காடு அண்ணன் சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் காப்பி எடுக்கும் வேலையைக் கணக்குப் பார்க்கும் பொண்ணிடம் கொடுத்திருக்கிறேன், பில் புக்கை முடிக்கும் அதே நாளில். பேரேடு சார், தனி நகல் என்றீர்களே, அது எப்படி எடுப்பது?

பேரேடு:
உதவி மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கம் போனால், தண்டர்பேர்டின் மடல்களும் செட்டிங்ஸும் இருக்கும் "புரொஃபைல் ஃபோல்டர்" என்ற வரியும் அதைத் திறக்கப் பட்டனும் இருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடிவிடுங்கள், திறந்திருக்கும்போது நகலெடுத்தால் ஃபைல் பாதியில் நிற்கலாம். பிறகு அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டூல்ஸில் எக்ஸ்போர்ட் வசதியும் உண்டு, ஆனால் 2 ஜிபிக்கு மேல் போன புரொஃபைலுக்கு அது உதவாது, உங்களுடையது சீக்கிரமே தாண்டிவிடும். அந்த ஃபோல்டரில் கணக்குகளின் பாஸ்வேர்டும் சேர்ந்தே வரும் என்பதால் டிஸ்க்கை மேசை மேல் போட்டு வைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

கரிசல்காடு:
ஹோஸ்டிங் மாற்றும் நாள் வந்தால் அதற்கு முந்தின நாளே அந்த நகலை எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. மாற்றும் அன்று தண்டர்பேர்டை ஆஃப்லைனில் வையுங்கள். புதுப் பெட்டியில் பழைய மடல்கள் வந்துவிட்டதா என்று பிரவுசரில் பார்த்துவிட்டு, அப்புறம் ஆன்லைனுக்கு விடுங்கள்.