பொருள் நிரலில் ஏறாத வாய்க்கால்

குழு: கீழத்தெரு – வார்டு 4
20 ஜூலை 2025, ஞாயிற்றுக்கிழமை

[மாலை 5.48] மளிகைக்கடை: மதினி, வெள்ளிக்கிழமை ஊராட்சி மன்றக் கூட்டம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மே 1 கிராம சபையில் நம் தெருக் கழிவுநீர் வாய்க்காலைப் பற்றி நான் எழுந்து பேசினேன். தலைவரும் "கண்டிப்பாகச் செய்து தருகிறோம்" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். இரண்டரை மாதம் கழித்துக் கூடிய மன்றத்தில் அதற்கு என்ன முடிவு எடுத்தீர்கள்?

[மாலை 5.56] வார்டு 4 உறுப்பினர்: எந்த முடிவும் எடுக்கவில்லை, கொழுந்தனாரே. கூட்டத்தில் பேச வேண்டியவற்றின் பட்டியலான பொருள் நிரலிலேயே அது இல்லை.

[மாலை 5.57] மளிகைக்கடை: அப்படியென்றால் கூட்டத்தில் என்னதான் பேசினீர்கள்?

[மாலை 6.03] தலைமையாசிரியர் பெரியப்பா: கோபம் வேண்டாம் தம்பி. அம்மா, கூட்டத்தில் நடந்ததை வரிசையாக எழுதிவிடு. குரல் பதிவாக அனுப்பாதே; எழுத்தில் இருந்தால்தான் பிறகு தேடி எடுக்க முடியும். வாய்க்கால் எந்த இடத்தில் நழுவியது என்பதும் அப்போதுதான் தெரியும்.

[மாலை 6.31] வார்டு 4 உறுப்பினர்: சரி பெரியப்பா, எழுதுகிறேன்.

முதலில் செயலர் முந்தைய கூட்டத் தீர்மானங்களைப் படித்தார். அடுத்து மே, ஜூன் மாத வரவு செலவுக் கணக்கு வைக்கப்பட்டது. குடிநீர் மோட்டார்களின் மின்கட்டணம், தூய்மைக் காவலர்களின் ஊதியம், தெருவிளக்குக்கு வாங்கிய எல்.இ.டி. பல்புகள், பிளீச்சிங் பவுடர் என்று வழக்கமான செலவுகள்தாம். பல்புகளின் எண்ணிக்கையை மட்டும் வார்டு வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குள் தருவதாகச் செயலர் சொன்னார். பிறகு ஊருணியின் மீன்பாசிக் குத்தகையைப் பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போனது. குத்தகை எடுத்தவர், தண்ணீர் கெட்டு மீன் சாகிறது என்று பணத்தைக் குறைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். வீட்டு வரி நிலுவைப் பட்டியலைப் படித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக, ஆகஸ்ட் 15 கிராம சபையைத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் நடத்துவது என்று முடிவானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் உள்ளே போனபோதே தீர்மானப் புத்தகத்தில் அன்றைய தேதி எழுதப்பட்டு, அதன் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக விடப்பட்டு, அடியில் எங்கள் கையெழுத்துக்கு 1 முதல் 9 வரை எண் போட்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமலிருக்க ஸ்டாம்ப் பேடை மேலே வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். தீர்மானத்தை எழுதிய பிறகே கையெழுத்திடுவேன் என்று நான் உட்கார்ந்திருந்ததில் இருவருக்கு என்மேல் வருத்தம்.

[மாலை 6.38] சத்துணவு அத்தை: நீ செய்தது சரிதான். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தலைவர் இருக்கையில் அன்றும் அவருடைய வீட்டுக்காரர்தான் உட்கார்ந்திருந்தாரா?

[மாலை 6.40] வார்டு 4 உறுப்பினர்: இந்த முறை இல்லை அத்தை. வாசல் வரை வந்தார். உறுப்பினர்கள் அல்லாதவர்கள் வெளியே இருக்கலாம் என்று துணைத் தலைவர் சொன்னதும் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். தலைவர் தனியாக இருந்தால் நன்றாகவே கூட்டத்தை நடத்துகிறார்.

[மாலை 6.44] மளிகைக்கடை: இவ்வளவும் பேச நேரம் இருந்திருக்கிறது, கிராம சபையில் நூறு பேர் முன்னால் சொன்ன வாய்க்காலுக்கு மட்டும் இடமில்லையா?

[மாலை 6.52] வார்டு 4 உறுப்பினர்: அதே கேள்வியோடுதான் கூட்டம் முடிந்ததும் மே 1 கிராம சபைப் பதிவேட்டை எடுத்துத் தரச் சொல்லிப் படித்தேன். வருகைப் பதிவில் குறைவெண் வரம்புக்கு மேலேயே கையெழுத்துகள் இருக்கின்றன. நம் ஊராட்சியின் மக்கள்தொகை 501-க்கும் 3,000-க்கும் இடையில் இருப்பதால் 100 பேர் வர வேண்டும், வந்திருக்கிறார்கள். ஆனால் தீர்மானப் பகுதியில் நீங்கள் பேசியதற்கு உரிய வரி இதுதான்: "பொதுமக்களின் அடிப்படை வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது." தெருவின் பெயர் இல்லை, வாய்க்கால் என்ற சொல் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு தயாரிக்க மாட்டார்.

[மாலை 6.55] தலைமையாசிரியர் பெரியப்பா: அங்கேதான் நழுவியிருக்கிறது. கிராம சபையில் கைதட்டு வாங்குவது வேறு, தீர்மானம் எழுதவைப்பது வேறு. நாம் பேசி முடித்ததும் நிழல் தேடிப் போய்விடுகிறோம். எழுதுகிறவர் தனக்குச் சுலபமானதை எழுதிவிடுகிறார். செயலரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிவசூல், பதிவேடுகள், இணையப் பதிவேற்றம், ஒன்றிய அலுவலக ஆய்வுக் கூட்டங்கள் எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்க்கிறார்.

[இரவு 7.10] துபாய்த் தம்பி: எல்லாருக்கும் வணக்கம். தூரத்தில் இருப்பவன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாய்க்காலைவிடத் தெரு முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், தண்ணீரும் தேங்காது. மத்திய அரசின் நிதிக் குழு மானியம் ஆண்டுதோறும் வருகிறதே, அதில் செய்ய முடியாதா மதினி?

[இரவு 7.29] வார்டு 4 உறுப்பினர்: ஊரில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் தம்பி, உறுப்பினராவதற்கு முன்னால் நானும் ஊராட்சிக்கு ஒரே பெட்டி, அதில் பணம் இருந்தால் எதற்கும் எடுக்கலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில் கணக்குகள் தனித்தனி. வீட்டு வரி, தொழில் வரி, குத்தகைப் பணம், மாநில நிதிக் குழு மானியம் ஆகியவை முதல் கணக்கில் சேர்கின்றன. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதற்கும் இரண்டாவது கணக்கு. திட்ட நிதிகள் மூன்றாவதில். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்கு நம் விருப்பப்படி செலவிட முடியாது. எதில் பணம் எடுத்தாலும் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களில் தெருவிளக்குக்குப் பல்பு வாங்குவதுகூடப் பஞ்சாயத்தாகிவிடுகிறது.

நீங்கள் கேட்ட 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனைக்கு உட்பட்டது. அதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. மீதி 40 விழுக்காட்டில்தான் சாலை போன்ற வேலைகளைச் செய்யலாம். அதற்கும் ஒன்பது வார்டுகள் வரிசையில் நிற்கின்றன. பேவர் பிளாக் கேட்டால் அந்த நீண்ட வரிசையில் நாமும் ஒருவர். கழிவுநீர் வாய்க்கால் என்று கேட்டால் சுகாதாரப் பங்கிலேயே கேட்கலாம். சாலை கேட்க எல்லா வார்டிலும் ஆள் இருக்கிறார்கள். வாய்க்கால் கேட்பவர் குறைவு, ஏனென்றால் திறப்பு விழாவுக்கு அது அழகாக இருக்காது.

[இரவு 7.33] துபாய்த் தம்பி: புரிகிறது மதினி. பேவர் பிளாக்கை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு வரியை ஊராட்சி வரி செலுத்தும் இணையதளத்திலேயே நேற்று கட்டிவிட்டேன். நிலுவைப் பட்டியலைப் படிக்கும்போது இனி எங்கள் அப்பா தலை குனிய வேண்டியதில்லை.

[இரவு 7.50] தொட்டி ஆப்பரேட்டர்: அக்கா, நான் இந்தக் குழுவில் பேசுவது வழக்கமில்லை. ஆனாலும் வாய்க்கால் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 120 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறேன். பிறகு குளோரின் இருக்கிறதா என்று சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். தொட்டியடிக் குழாயில் பிடித்த தண்ணீர் நல்ல மஞ்சளாக மாறுகிறது. மேலத்தெருவின் கடைசிக் குழாயிலும் வெளிர்மஞ்சள் வருகிறது. கீழத்தெருவில் ரேஷன் கடையைத் தாண்டியுள்ள குழாய்களில் மட்டும் நிறமே வருவதில்லை, வெறும் தண்ணீர் போலவே நிற்கிறது.

[இரவு 7.52] சத்துணவு அத்தை: அந்தக் குழாய்த் தண்ணீரைத்தானே நாங்கள் சமையலுக்குப் பிடிக்கிறோம்!

[இரவு 7.58] தலைமையாசிரியர் பெரியப்பா: தம்பி, நீ இப்போது சொன்னதுதான் இன்றைய பேச்சிலேயே முக்கியமானது. கடைசிக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலை. தொட்டியில் இருக்கிறது, மேலத்தெருவில் இருக்கிறது, நம்மிடம் மட்டும் இல்லையென்றால் இடையில் எங்கோ அழுக்கு கலந்து அதைத் தின்றுவிடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குழாய் எங்கே போகிறது?

[இரவு 8.05] தொட்டி ஆப்பரேட்டர்: ரேஷன் கடைக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கி நிற்கும் பள்ளத்துக்கு அடியில்தான் போகிறது ஐயா. பழைய பி.வி.சி. குழாய், அந்த இடத்தில் ஓர் இணைப்பும் உண்டு. மோட்டார் நின்று குழாயில் அழுத்தம் குறைந்ததும் வெளிநீரை அந்த இணைப்பு உள்ளே இழுக்கிறது என்று நினைக்கிறேன். தோண்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

[இரவு 8.07] மளிகைக்கடை: இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

[இரவு 8.09] தொட்டி ஆப்பரேட்டர்: சோதனைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறேன் அண்ணா. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

[இரவு 8.21] வார்டு 4 உறுப்பினர்: அப்படியானால் நம் கோரிக்கையை இரண்டாகப் பிரிப்பதே சரி. இணைப்பைத் தோண்டிச் சரிசெய்வது குடிநீர்ப் பராமரிப்பு. அதற்குக் கிராம சபை வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளை காலையே அந்தப் பதிவேட்டோடு தலைவரைப் பார்க்கிறேன். அது முடியும் வரை அந்தப் பகுதி வீடுகளில் கொதிக்கவைத்துக் குடியுங்கள். சத்துணவுக்கு மேலத்தெருவிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன்.

வாய்க்கால் வேறு பாதையில்தான் போக வேண்டும். இந்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஏற்கெனவே இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. அதில் நம் வாய்க்கால் இல்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பணி அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும். ஆகஸ்ட் 15-இல் தெளிவான தீர்மானம் இருந்தால் அந்தத் திட்டத்தில் ஏற்றலாம். 2026 ஏப்ரலில் 16-ஆவது நிதிக் குழுவின் காலம் தொடங்குகிறது. எந்தத் தலைப்பில் நிதி வந்தாலும் திட்டத்தில் பெயர் இல்லாத வேலைக்கு அது வராது. ஆகவே இந்த மழைக்காலத்துக்குள் வாய்க்கால் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், கொழுந்தனாரே. முதல் கணக்கிலிருந்து பள்ளத்தை வெட்டிவிட்டுத் தண்ணீர் வடியச் செய்வதை மட்டும் இப்போது கேட்கலாம்.

[இரவு 8.30] மளிகைக்கடை: இன்னும் ஓராண்டு என்பது மனத்துக்கு ஒப்பவில்லை. அதற்குள் உங்கள் பதவிக்காலமும் முடிந்துவிடுமே?

[இரவு 8.38] வார்டு 4 உறுப்பினர்: நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை இருப்போம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள். என் பிறந்த ஊர் அதில் ஒன்று. அங்கே ஒரு பல்பு எரியவில்லை என்றாலும் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் கிடையாது, ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் பேருந்து ஏற வேண்டும். அதனால்தான் நாங்கள் இருக்கும்போதே திட்டத்தில் ஏற்றிவிட வேண்டும் என்கிறேன்.

[இரவு 9.02] தலைமையாசிரியர் பெரியப்பா: தீர்மான வாசகத்தை எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

"வார்டு 4, கீழத்தெருவில் ரேஷன் கடை முதல் ஊருணிக் கரை வரை கழிவுநீர் தேங்கி, அதனடியில் செல்லும் குடிநீர்க் குழாய்க்கும் ஊருணி நீருக்கும் கேடு விளைவிப்பதால், அவ்விடத்தில் கழிவுநீர் வாய்க்காலும், கழிவுநீர் ஊருணியில் கலவாதவாறு அதன் முடிவில் உறிஞ்சு குழியும் அமைப்பதற்கு, ஒன்றியப் பொறியாளர் மூலம் மதிப்பீடு பெற்று, 2026–27-ஆம் ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சுகாதாரத் தலைப்பின் கீழ் முன்னுரிமைப் பணியாகச் சேர்க்க இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

நீளம் எத்தனை மீட்டர் என்பதையும் சேர்க்க வேண்டும்.

[இரவு 9.08] வார்டு 4 உறுப்பினர்: ஊருணியைச் சேர்த்தது நல்ல யோசனை பெரியப்பா. மீன்பாசிக் குத்தகைக்காரரும் இதை ஆதரிப்பார். குத்தகைப் பணம் குறைந்தால் முதல் கணக்கில் அடி விழும் என்பதால் மற்ற வார்டு உறுப்பினர்களும் எதிர்க்க மாட்டார்கள்.

[இரவு 9.12] சத்துணவு அத்தை: அன்று நம் தெருப் பெண்கள் எல்லாரையும் நான் அழைத்து வருகிறேன். ஆனால் தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் யாரும் எழுந்து போக வேண்டும்.

[இரவு 9.15] துபாய்த் தம்பி: என் பெயரையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

[இரவு 9.17] தலைமையாசிரியர் பெரியப்பா: கிராம சபையில் நேரில் வருகிறவர்தான் கையெழுத்திட முடியும் தம்பி. உன் அப்பாவை அனுப்பு, போதும்.

[இரவு 9.24] மளிகைக்கடை: கடையில் 30 மீட்டர் டேப் இருக்கிறது. காலையில் ஆப்பரேட்டர் தம்பி மோட்டார் போட்டுவிட்டு வந்தால் இருவரும் அளந்துவிடுகிறோம்.

[இரவு 9.26] தொட்டி ஆப்பரேட்டர்: ஏழரைக்கு வருகிறேன் அண்ணா. பதிவேட்டையும் எடுத்து வருகிறேன், அக்கா அதை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

[இரவு 9.31] தலைமையாசிரியர் பெரியப்பா: அளவு வந்ததும் இந்தத் தீர்மானத்தைக் கேட்கும் மனுவை இரண்டு படிகளாக எழுதித் தருகிறேன். ஒன்றைச் செயலரிடம் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு ஊராட்சி முத்திரை வாங்கிப் படம் எடுத்து இங்கே போட்டுவிடு, அம்மா.