'செட்' என்ற சொல்லை எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (கடலூர் முதுநகர்): ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு நான்தான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சூரியன் 'செட்' ஆனால் மறைகிறது, சிமெண்ட் 'செட்' ஆனால் இறுகுகிறது, அலாரத்தையும் 'செட்' செய்கிறோம். இதையெல்லாம் எப்படி ஒன்றாகச் சொல்வது?

பதில் (முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): பட்டியல் போட்டு மனப்பாடம் மட்டும் வேண்டாம், அம்மா. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவே இதுதான்! 'உட்கார வைப்பது' என்ற பழைய பொருளைப் பிடியுங்கள். பூசிய சிமெண்ட் உட்கார்ந்துவிட்டது என்று கொத்தனாரே சொல்வாரே. சூரியனும் அப்படித்தான் இறங்கி அமர்கிறது. ஆனால் டீ கப் 'செட்' வேறு வழி. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்): ஐயா சொல்வது சரி. அப்புறம், 'அந்த வேலை எனக்கு செட் ஆகல' என்பது நம் ஊர்ப் பேச்சு. பரீட்சையில் எழுதிவிடப் போகிறாள், சொல்லிவையுங்கள் அக்கா.