கர்த்தரை அறியாதவர் செய்யும் நன்மை யாருடையது?

செந்தூல் வாசகி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தகப்பனார் வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குச் செல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் நெற்றி நிறையத் திருநீற்றுடன் விடியற்காலை ஐந்தரைக்கே தம் புரோட்டோன் காரை எங்கள் வாசலில் நிறுத்திவிடுவார். ஊசியைக் கழற்றிய பின் இரத்தம் நிற்கும்வரை அப்பாவின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருப்பவரும் அவரே. ஜெபக்கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். "அவர் வெறும் கருவி, மகிமை கர்த்தருக்கே" என்று ஒரு மூப்பர் முடித்துவிட்டார். மகிமை கர்த்தருக்கே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "வெறும்" என்ற சொல்தான் உறுத்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
சகோதரி, உறுத்தல் நியாயமானது. ஏசாயா 10இல் அசீரியப் பேரரசு கர்த்தருடைய கோபத்தின் கோல், அதாவது அவர் தண்டிக்கப் பயன்படுத்தும் கருவி, என்று அழைக்கப்படுகிறது. ஆனால் ஏழாம் வசனம், அசீரிய ராஜா அப்படி எண்ணவில்லை, அழிப்பதே அவன் மனதிலிருந்தது என்கிறது. அந்த எண்ணம் அவனுடையதாகையால்தான் அவன் தண்டிக்கப்படுகிறான். கர்த்தரின் ஆளுகைக்குள் நின்றும் அவனுடைய தீமை அவனுடையதென்றால், உங்கள் அண்ணனின் அன்பும் அவருடையதே. கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுத முடியாது. பாபிலோனை கி.மு. 539இல் பிடித்த பாரசீக ராஜா கோரேசைக் குறித்து ஏசாயா 45:4 சொல்வதையும் பாருங்கள்: "நீ என்னை அறியாதிருந்தும், உனக்கு நாமம் தரித்தேன்." கோடரி போன்ற வெறும் கருவியைப் பேர்சொல்லி அழைப்பார் உண்டா? எல்லாம் தேவனின் ஆளுகைக்குள் என்னும் தேவ பராமரிப்பை அழுத்திப் போதித்த சீர்திருத்தவாதி கால்வினே, புறஜாதி மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் பெற்ற அறிவு ஆவியானவரின் ஈவு என்றும், அதை இகழ்வது அவரையே இகழ்வதாகும் என்றும் எழுதியிருக்கிறார்.

கெப்போங் வாசகர்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் நன்மை செய்யத் தரப்படும் பொதுக் கிருபையை இரட்சிப்பின் கிருபையோடு கலந்துவிடக் கூடாது. நாங்கள் மெதடிஸ்டுகள், மனிதன் தேவனைத் தேடுமுன்னே அவனைத் தொடும் முன்செல்லும் கிருபையை எங்கள் சபையின் முன்னோடி வெஸ்லி போதித்தார். அந்த அண்ணனுக்குள் அது எங்கே கொண்டுபோகிறது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

செந்தூல் வாசகி:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் 45:4ஐ வாசித்துக் காட்டினேன். நாளை காரில் ஏறுமுன் அண்ணனின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்கிறார். அதற்கு முதலில் அவரிடம் சம்மதம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.