நாலு குடும்பம் சேர்ந்து பண்ணையில் அரை மாடு: எவ்வளவு கறி வரும், கட் ஷீட்ல என்ன எழுதணும்?

கேள்வி: கறிக்கணக்கு

அமெரிக்காவுல இருக்கோம். நாலு குடும்பமா சேர்ந்து பண்ணைக்காரர்கிட்டயே நேரடியா அரை மாடு எடுக்கலாம்னு பேச்சு ஓடுது. அவர் சொன்ன விவரம்: ஸ்டியர் (காயடிச்ச காளை), உயிர் எடை 1200 பவுண்டு வாக்குல இருக்கும், புல்லுல வளர்த்து கடைசியில தானியம் போட்டு முடிக்கிறார். அவருக்கு ஹேங்கிங் வெயிட்டுக்கு பவுண்டுக்கு 4 டாலர். புட்சருக்கு வெட்டி, பேக் பண்ண அதே ஹேங்கிங் வெயிட்டுக்கு பவுண்டுக்கு 1.10 டாலர். அறுப்புக்கூலி எங்க அரைப் பங்குக்கு 50 டாலர்.

வீட்டுக்கு வர்ற கறிக்கு உண்மையில பவுண்டு என்ன விலை விழும்? எந்தக் கறியை எப்படி வெட்டணும்னு எழுதிக் கொடுக்க கட் ஷீட்னு ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கார், அதுல பாதி புரியல. எங்களுக்கு ஸ்டேக் கொஞ்சம் போதும், குழம்புக்கும் வறுவலுக்கும்தான் அதிகம் வேணும், ஈரல், வால் எல்லாம் வேணும். பணத்தை இப்போ நான் மொத்தமா கட்டிட்டு, கறி வந்தப்புறம் மத்த மூணு பேர்கிட்ட வாங்கிக்கலாம்னு இருக்கேன். அதுல ஏதாவது சிக்கல் உண்டா?

பதில் 1: மூணாவது_விலா

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். இதுல மூணு எடை இருக்கு. மூணையும் போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் கடைசியில "கறியைத் திருடிட்டான்"னு புட்சர்கிட்ட சண்டைக்கு நிக்கிறாங்க.

உயிர் எடை 1200. தோல், தலை, குடல், கால் குளம்பு, ரத்தம் எல்லாம் போய் கொக்கியில தொங்குறது ஹேங்கிங் வெயிட். தானியம் போட்டு முடிச்ச இறைச்சி மாடுன்னா உயிர் எடையில 60 முதல் 63 சதவீதம். புல் மட்டுமே தின்னதுன்னா 55-58 பக்கம் இறங்கும். உங்க கணக்குக்கு முழு மாடு 740னு வைங்க, அரைக்கு 370. அதுலயிருந்து எலும்பு, கொழுப்பு, காய்ஞ்ச மேல்தோடு எல்லாம் கழிஞ்சு பெட்டிக்குள்ள வர்றது சுமாரா 65 சதவீதம், அதாவது 240 பவுண்டு.

இப்போ விலை: 370 × 4 = 1480. வெட்டுக்கூலி 407. அறுப்புக்கூலி 50. மொத்தம் 1937 டாலர். 240ஆல வகுத்தா பவுண்டுக்கு 8 டாலருக்கு ஒரு துளி மேல. கொத்துக்கறியும் அதே விலை, டெண்டர்லாயினும் (முதுகெலும்புக்கு அடியில இருக்கிற ரொம்ப மெத்தான கறி) அதே விலை. கடை விலையோட ஒப்பிடும்போது ஒவ்வொரு வெட்டையும் தனியா ஒப்பிடாதீங்க. கொத்துக்கறிதான் 40 சதவீதம் வரும், அதுல நீங்க கடையை விட அதிகம் கொடுக்கலாம். லாபம் ஸ்டேக்லயும் ரோஸ்ட்லயும் (முழுசா வேக வைக்கிற பெரிய துண்டு)தான். "ஸ்டேக் கொஞ்சம் போதும்"னு சொல்றீங்களே, அப்போ அரை மாடு உங்களுக்குக் கட்டுப்படியாகுமான்னு மறுபடி ஒரு தடவை யோசிங்க. பல பண்ணைகள்ல கொத்துக்கறியும் சக்கும் (முன்தோள் கறி) மட்டும் பெட்டியா, யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) முத்திரையோட விக்கிறாங்க.

அந்த 65ங்கிறது கல்வெட்டு இல்ல. எல்லாத்தையும் எலும்பில்லாம, கொத்துக்கறியை 90/10னு (90 பங்கு கறி, 10 பங்கு கொழுப்பு) கொழுப்பு கம்மியா கேட்டா 57-58க்கு இறங்கும். எலும்போட, 80/20 கொத்துக்கறி, சூப் எலும்பும் எடுத்துக்கிட்டா 70ஐத் தாண்டலாம். பில் தொகை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு கேட்டு வைங்க: பில் சூட்டு எடைக்கா, குளிர்ந்த எடைக்கா? அறுத்த உடனே போடுற எடையிலதான் பெரும்பாலும் பில் போடுவாங்க. முதல் நாள் குளிர்றதுலயே 2-3 சதவீதம் ஈரம் போயிடும், தொங்கப் போடுற நாள் கூடக் கூட இன்னும் குறையும். எடைச்சீட்டை, மாட்டோட காதுப்பட்டை எண்ணோட சேர்த்துக் கேளுங்க. ஒழுங்கான இடம்னா முகம் சுளிக்காம கொடுப்பாங்க.

பதில் 2: நல்லி_எலும்பு

கட் ஷீட்டுக்கு வர்றேன். அந்த ஃபாரத்துல தெரிஞ்சுக்க வேண்டியது, ஒரு இடத்துக் கறியை ஒரு விதமாத்தான் வெட்ட முடியும்ங்கிறது. டி-போன் (டி வடிவ எலும்போட வர்ற ஸ்டேக்) கேட்டா அதே இடத்துலயிருந்து நியூயார்க் ஸ்ட்ரிப்பும் டெண்டர்லாயினும் தனியா வராது. ரிப் ஐ ஸ்டேக் எடுத்தா பிரைம் ரிப் ரோஸ்ட் கிடையாது (பாதிப் பாதி கேக்கலாம்). சக் பகுதியை முழுக்க ரோஸ்ட்டா எழுதிட்டா குழம்புக்குத் துண்டு எங்கிருந்து வரும்?

குழம்புதான் முக்கியம்னா, "ஸ்டூ மீட்" கட்டத்துல வெறும் டிக் போட்டு விட்டுடாதீங்க. சும்மா விட்டா பல இடத்துல ரவுண்டை, அதாவது பின்தொடையைத்தான் வெட்டிப் போடுவாங்க. அது கொழுப்பும் ஜவ்வும் கம்மியான கறி. ஒரு மணி நேரம் கொதிச்சா நார் நாரா, வாயில சக்கை மாதிரி நிக்கும். "சக்கிலிருந்து மட்டும், ஒன்றரை அங்குலத் துண்டு, 2 பவுண்டு பாக்கெட்"னு குறிப்புப் பகுதியில கையால எழுதுங்க. சக்லயும் ஷாங்க்லயும் (கால் கறி) இருக்கிற கொலாஜன்ங்கிற ஜவ்வு மெதுவா வேகும்போது ஜெலட்டினா கரைஞ்சு குழம்பைக் கெட்டியாக்கும்.

பின்தொடையை என்ன பண்றது? டாப் ரவுண்டை மெல்லிசா, கால் அங்குலத்துக்கு வெட்டச் சொல்லுங்க, அதிக தீயில சட்டுனு வறுக்க நல்லா இருக்கும். மிச்சத்தைக் கொத்துக்கறியில சேர்க்கச் சொல்லுங்க.

எலும்போட சின்னத் துண்டு கேட்டா நிறைய புட்சர் முடியாதுன்னுதான் சொல்வாங்க. ரம்பத்துல அவ்வளவு துண்டு போட நேரமும் ஆகும், எலும்புத்தூளும் கறியெல்லாம் ஒட்டும். அதுக்குப் பதிலா ஷாங்கைக் குறுக்கா ஒன்றரை அங்குல வில்லையா வெட்டச் சொல்லுங்க, நடுவுல நல்லியோட வரும். கழுத்தையும் எலும்போட வில்லையா கேளுங்க. கேக்கலைன்னா கழுத்து முழுக்க கொத்துக்கறிக்குப் போயிடும். ஷார்ட் ரிப்ஸும் அப்படித்தான்.

மத்தபடி: ஸ்டேக் ஒண்ணேகால் அங்குலம், பாக்கெட்டுக்கு ரெண்டு. முக்கால் அங்குலம்னா எண்ணிக்கை கூடும், ஆனா வெளியே நிறம் வர்றதுக்குள்ள உள்ளே வெந்து முடிஞ்சிடும். ரோஸ்ட் 3 பவுண்டு. கொத்துக்கறி 1 பவுண்டு பாக்கெட், 85/15.

உள்ளுறுப்பு விஷயத்துல இப்பவே பேசிடுங்க. ஒரு மாட்டுக்கு ஈரல் ஒண்ணு, நாக்கு ஒண்ணு, இதயம் ஒண்ணு, வால் ஒண்ணு. நீங்க எடுக்கிறது அரை மாடு. மத்த அரை யாருதோ அவங்களும் வால் கேட்டா? ஹேங்கர் ஸ்டேக்கும் மாட்டுக்கு ஒண்ணுதான். பிரிஸ்கெட் (நெஞ்சுக்கறி), ஃபிளாங்க் (வயித்துப்பக்கக் கறி), ட்ரை-டிப் ஒவ்வொண்ணும் அரை மாட்டுக்கு ஒண்ணு வரும். உள்ளுறுப்பு வேணும்னு அறுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும். அறுக்கிற அன்னிக்கு யாரும் கேக்கலைன்னா குப்பைக்குப் போயிடும், அடுத்த நாள் போன் பண்ணிப் பிரயோஜனமில்ல.

பதில் 3: குளிர்பெட்டி

நீங்களே மொத்தமா பணம் கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கிறது பத்தி மேலே யாரும் சொல்லல. அதுதான் இதுல பெரிய விஷயம்.

புட்சர் எந்த வகைன்னு முதல்ல கேளுங்க. யுஎஸ்டிஏ இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு மாட்டையும் அறுக்கும் முன்னும் பின்னும் பார்த்து முத்திரை போடுற இடம்னா, அந்தக் கறியைப் பாக்கெட்டா விக்கலாம். கஸ்டம் எக்ஸெம்ப்ட் (அந்த மாட்டுக்கு மாடு ஆய்விலிருந்து விலக்கு உள்ள) இடம்னா கதை வேற. அறுக்கிறப்போ மாட்டுக்கு யார் சொந்தக்காரங்களோ, அங்கே அவங்களுக்காக மட்டும்தான் அறுக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்லயும் "விற்பனைக்கல்ல"ன்னு முத்திரை இருக்கும். சொந்தக்காரர், அவர் வீட்டார், காசு கொடுக்காம வர்ற விருந்தாளி, வேலையாள், இவங்க மட்டும்தான் சாப்பிடலாம்ங்கிறது கூட்டாட்சிச் சட்டம்.

நீங்க ஒருத்தரே அரை மாட்டை வாங்கி, வந்த கறியை மத்த மூணு பேருக்குக் காசுக்குக் கொடுத்தா அது விற்பனை. அதனால நாலு பேர் பெயரும், ஆளுக்கு எட்டுல ஒரு பங்குன்னு, அறுக்கிறதுக்கு முன்னாடியே பண்ணைக்காரர் ரசீதுலயும் புட்சர் ஃபாரத்துலயும் இருக்கட்டும். பணமும் அப்பவே தனித்தனியா போகட்டும். சில இடத்துல கால் பங்குக்குக் கீழே பிரிச்சு எழுத மாட்டோம்பாங்க. அப்படின்னா யுஎஸ்டிஏ இடத்துல அறுக்கச் சொல்லுங்க.

ஃப்ரீசர்: ஒரு கன அடிக்கு 35 பவுண்டு கணக்கு. ஆளுக்கு 60 பவுண்டுன்னா ரெண்டு கன அடி சுத்தமா காலியா வேணும். ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல ஏற்கனவே ஏதேதோ இருக்கும், அடைச்சா காத்து ஓடாது. 5 கன அடி செஸ்ட் ஃப்ரீசர் போதும், கையால பனி நீக்குற வகையா வாங்குங்க. தானா பனி நீக்குறது அடிக்கடி லேசா சூடாகிக் குளிரும், அதுதான் பாக்கெட்டுக்குள்ள பனித்தூள் சேர்ந்து கறி காய்றதுக்குக் காரணம். 0 டிகிரி ஃபாரன்ஹீட்ல வைங்க. கராஜ்ல வைக்கிறதா இருந்தா ஜிஎஃப்சிஐ பிளக்கை (மின்கசிவு வந்தா தானா கரண்டை நிறுத்துறது) கவனிங்க. அது ஒரு தடவை ட்ரிப் ஆனா ஃப்ரீசர் நிக்கும், யாருக்கும் தெரியாது. சத்தம் போடுற தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ளே போட்டு வைங்க. கரண்ட் போனா மூடியைத் திறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24.

கறி உறையாம வெறும் குளிரோட கைக்கு வந்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் உள்ளே தள்ளாதீங்க. ஒரு கன அடிக்கு நாளொன்றுக்கு 2-3 பவுண்டுதான் அது உறைய வைக்கும். புட்சர்கிட்டயே உறைய வெச்சு வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

கறிக்கணக்கு

ரொம்ப நன்றி. நாலு பேர் பெயர்லயும் ரசீது போடச் சொல்லிட்டேன். ரெண்டு சந்தேகம். மாட்டுக்கு 30 மாசம் தாண்டிடுச்சாம், அதனால டி-போன் தர முடியாதுங்கிறார் புட்சர். ஏமாத்துறாரா? அப்புறம் 21 நாள் தொங்கப் போடவான்னு கேக்குறார். குடலும் கேட்டேன், இல்லைன்னுட்டார்.

மூணாவது_விலா

ஏமாத்தல. 30 மாசமும் அதுக்கு மேலயும் ஆன மாட்டுல முதுகெலும்பு, தண்டுவடம், மண்டையோடு, மூளை எல்லாம் பிஎஸ்இ (மாட்டுப் பித்து) நோய் விதிப்படி நீக்கணும். டி-போன்ல இருக்கிறது முதுகெலும்பு. அந்த எலும்பை எடுத்துட்டா ஸ்ட்ரிப்பும் டெண்டர்லாயினும் தனித்தனியா வரும், கறி எதுவும் நஷ்டமில்ல. சிறுகுடலோட கடைசிப் பகுதியை எந்த வயசு மாட்டுலயும் நீக்கியாகணும். மிச்சக் குடலையும் இரைப்பையையும் சுத்தம் பண்ணித் தர்றதுக்கு ஆளும் இயந்திரமும் சின்ன இடங்கள்ல இருக்காது, அதான் இல்லைன்னுட்டார்.

21 நாள் வேண்டாம். நீங்க பெரும்பகுதி குழம்புக்கும் கொத்துக்கறிக்கும்தான் எடுக்கிறீங்க, அதுக்கு ஏஜிங்கால (கறி மெத்தாக குளிர்ல தொங்கப் போடுறது) பெரிய பயனில்ல. 10-14 நாள் போதும். அதுக்கு மேல போகப் போக மேல்தோடு காய்ஞ்சு, சீவி எறியறது கூடும். மேல்கொழுப்பு மெல்லிசா இருந்தா இன்னும் மோசம்.

நல்லி_எலும்பு

ஸ்டேக் பிரியர்கள் இருந்தா நான் 14க்குக் கீழே போக மாட்டேன், அதுல மட்டும் மூணாவது_விலாவோட லேசா முரண்படுறேன். 10 நாள்ல ஸ்ட்ரிப் இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.

பேக்கிங் வேக்யூமா கேளுங்க. பேப்பர்னா கொத்துக்கறியை 3-4 மாசத்துல முடிச்சுடணும். வாங்கப் போறப்போ பெட்டியை அப்படியே வண்டியில ஏத்தாம, ஒவ்வொரு பாக்கெட்டையும் விரலால அழுத்திப் பாருங்க. எலும்பு முனை குத்தி ஊசித்துளை விழுந்த பாக்கெட் தொளதொளன்னு இருக்கும், அதைத் தனியா வெச்சு முதல்ல சமைச்சுடுங்க. வேக்யூம்ல கறி கருஞ்சிவப்பா, ஊதா கலந்து தெரிஞ்சா பயப்பட வேண்டாம். ஆக்சிஜன் படலைன்னா அப்படித்தான், பிரிச்சு பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல சிவக்கும். கொத்துக்கறி நடுவுல பழுப்பா இருக்கிறதும் அதே கதைதான். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ இருந்தா மட்டும் தூக்கி எறிங்க. ஒரே மாட்டுக் கறிதானேன்னு கொத்துக்கறியை அரைவேக்காட்டுல விடாதீங்க, மேல்பரப்புல இருக்கிற ஈ.கோலை கிருமி அரைக்கிறப்போ உள்ளே போயிடும். 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரணும்.

குளிர்பெட்டி

நாலா பிரிக்கிறதுக்கு ஒரு வழி. எடை போட்டுப் பிரிச்சா ஒருத்தருக்கு டெண்டர்லாயினும் இன்னொருத்தருக்குக் கொத்துக்கறியும் விழும், மனஸ்தாபம்தான் மிச்சம். பாக்கெட்டுகளை வகைவாரியா மேஜையில அடுக்குங்க. கொத்துக்கறியும் குழம்புத் துண்டும் எண்ணி சமமா. மத்ததை ஆளுக்கு ஒண்ணா எடுங்க, வரிசை 1-2-3-4, அடுத்த சுற்று 4-3-2-1. பிரிஸ்கெட் ஒண்ணுதான் இருக்கும், 10-12 பவுண்டு வரும், அதை நாலா வெட்டி பேக் பண்ணச் சொல்லி கட் ஷீட்லயே எழுதிடுங்க. இதெல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள நடக்கணும், கூலர் மூடி திறந்தபடி இருக்கக் கூடாது.